நன்றி சொல்லாத வீட்டில் நன்றிப் புத்தகம்

ஓண விடுமுறையில் பத்து நாள்கள் அக்கா வீட்டில் இருந்தேன். பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் இடைப்பட்ட சிற்றூர். காலையில் களியக்காவிளையில் மீன் வாங்கி, மாலையில் நெய்யாற்றின்கரைக்கு மருந்து வாங்கப் போகிறவர்கள் நடுவே ஒரு மாநில எல்லையைக் கடந்ததாக எண்ணிக்கொள்வதில்லை. அக்கா மகளுக்கு நான்கு வயது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு இவை மூன்றும் கலந்த ஒன்று. அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய பெரியப்பா மூன்று படப்புத்தகங்களை அனுப்பியிருந்தார். மூன்றும் அங்கே நவம்பரில் வரும் நன்றியறிதல் பண்டிகையைப் பற்றியவை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குழந்தை எதற்கேனும் நன்றி சொல்கிறது. உதிரும் இலைக்கு, பூசணிக்காய்ப் பணியாரத்திற்கு, போர்வைக்கு, பாட்டிக்கு. நான்தான் அவற்றைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினேன். ஆகவே பின்னர் நடந்ததில் எனக்கும் பங்குண்டு.

மூன்றாம் நாள் பாட்டி சோறு பிசைந்து ஓர் உருண்டையைக் கையில் வைத்தார். குழந்தை "தேங்க்யூ பாட்டி" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. "பாட்டி, நீங்க வெல்கம் சொல்லணும்" என்றாள். பாட்டி அடுத்த உருண்டையைப் பிடித்தபடியே, "எனக்கு எதுக்கு மக்களே தேங்க்ஸு? நான் என்ன அசலூருக்காரியா?" என்றார்.

மொழியியல் மாணவர்களுக்கு அந்த ஒரு வாக்கியமே பாடமாகும். மகாதேவ் ஆப்தே 1974இல் மராத்தி, இந்தி வழக்குகளை வைத்து எழுதிய கட்டுரையின் மையக் கருத்தைப் பாட்டி சோற்று உருண்டையோடு சொல்லி முடித்துவிட்டார்: குடும்பத்திற்குள் நன்றியைச் சொல்லால் தெரிவிப்பது உறவை நெருக்குவதில்லை, விலக்குகிறது. நன்றி சொன்ன மறுகணம் பெற்றவரும் கொடுத்தவரும் தனித்தனிக் கணக்கினராகி விடுகிறார்கள். இதை இந்தியத் தனித்தன்மை என்று கொண்டாடுவதற்கும் இடமில்லை. 2018இல் ஐந்து கண்டங்களின் எட்டு மொழிகளில் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்த குழு ஒன்று, கேட்ட உதவி கிடைத்ததும் நன்றி சொல்லப்படுவது எங்குமே அரிது என்று கண்டது. மற்றவற்றைவிட ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் சற்று மிகுதி, அவ்வளவே. உலகக் குழந்தை இலக்கியத்தின் பெரும்பகுதி அந்தச் 'சற்று மிகுதி'யான மொழியிலிருந்து பெயர்க்கப்படுகிறது என்பதுதான் நம் சிக்கல்.

'நன்றி' என்னும் சொல்லின் ஒலி வரலாறும் இதே கதையைச் சொல்கிறது. பேச்சுத் தமிழில் ஒன்று 'ஒண்ணு' ஆயிற்று. மூன்று 'மூணு' ஆயிற்று. பன்றி 'பன்னி' ஆயிற்று. மலையாளத்தில் ஒன்னு, மூன்னு, பன்னி. நாவில் புழங்கிய எந்தச் சொல்லிலும் அந்த 'ன்ற' பிழைக்கவில்லை. பன்றிக்கு நேர்ந்தது நன்றிக்கு ஏன் நேரவில்லை? நாம் இன்றும் அதை 'நன்றி' என்று எழுத்து மாறாமல் உச்சரிக்கிறோம் என்றால், அது வாய்வழி வந்ததன்று, மேடையிலும் கடிதத்திலும் அச்சிலும் இருந்து இறங்கி வந்தது என்றே நான் கருதுகிறேன். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. நாம் இன்று நன்றியுணர்வு என்பது அத்தலைப்பின் கடைசிச் சொல்லான 'அறிதல்' என்பதில் இருக்கிறது. சொல்லுதல் அங்கே இல்லை. (மலையாள எழுத்து வழக்கில் அது 'நந்தி' ஆகிவிட்டதால், ஆசிரியை நந்தி சொல்லச் சொன்னபோது எங்கள் வீட்டுக் குழந்தை சிவன் கோயில் காளையை நினைத்துக்கொண்டாள் என்பது வேறு கதை.)

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எங்கள் ஊர் நாவு அச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டிருக்கிறது: 'நன்னி கெட்டவன்'. பன்னியைப் போலவே நன்னி. அதாவது, அன்றாடப் பேச்சில் அது இருக்கும்போது பெயரில்லை, இல்லாதபோதுதான் பெயர் வருகிறது. இதை ஒரு நயமாக மட்டும் இரசித்துவிட்டு நகர என்னால் முடியவில்லை. அந்த வசை யார் வாயிலிருந்து யாரை நோக்கி வந்தது என்று பாட்டியிடம் கேட்டேன். வயல் வைத்திருந்தவர்கள் வயலில் நின்றவர்களைச் சொன்னது என்றார். ஓணத்திற்குக் குடியானவர் ஏத்தன் குலையைச் சுமந்து சென்று ஜன்மியின் முற்றத்தில் வைக்கும் ஓணக்காழ்ச்சை இந்த நாட்டின் பழைய வழக்கம். பதிலுக்கு ஒரு துணி கிடைக்கும். குலை நன்றாக இல்லாவிட்டால் நன்றி இல்லை என்று பொருள். 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் குத்தகை முறையை முடித்துவைத்தபோது, இந்தக் கட்டாய நன்றியின் அடிநிலமும் சேர்ந்தே போயிற்று. ஆகவே 'நம் மரபில் நன்றி சொல்லப்படுவதில்லை, செய்யப்படுகிறது' என்று பெருமூச்சு விடுமுன், யார் செய்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

அதே ஊரில் வேறொரு வடிவமும் இருக்கிறது. தேவாலயங்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகையில் முதலில் காய்த்த சக்கை, ஒரு மூடு மரச்சீனி, ஒரு கோழி என்று கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு ஏலம். சந்தையில் ஐம்பது ரூபாய் பெறாத பூசணி இங்கே பல மடங்கு விலை போகும். ஏலம் எடுத்தவரே அதை மீண்டும் ஏலத்திற்குக் கொடுத்துவிடுவார். சந்தை விலையை இவ்வளவு குதூகலமாக அவமதிக்கும் நிகழ்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதைப் படமாக வரைந்த ஒரு குழந்தைப் புத்தகம் இதுவரை என் கைக்கு வந்ததில்லை. பூசணிக்காய் மட்டும் வந்திருக்கிறது, அமெரிக்காவிலிருந்து.

மீண்டும் அந்தப் புத்தகத்திற்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் முழுக் குடும்பமும் மேசையைச் சுற்றிக் கைகோத்து அமர்ந்திருக்கிறது; நடுவில் வாட்டிய வான்கோழி. குழந்தை அதைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பாட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத சமைச்சது ஆரு?" என்று கேட்டார். குழந்தை பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். சமைத்தவர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்தக் கேள்வி புத்தகத்தை மட்டும் சுடவில்லை. முதல் நாள் பாட்டியின் 'அசலூருக்காரியா' என்ற சொல்லைக் குறித்துக்கொண்டு மகிழ்ந்த என்னையும் சுட்டது. வீட்டுக்குள் நன்றி தேவையில்லை என்பது அடுக்களையில் நிற்காதவர்களுக்கு மிக வசதியான மொழியியல். பாட்டி அதை உறவின் மொழியாகச் சொன்னார். அவர் ஐம்பது ஆண்டு பரிமாறிய ஆண்கள் அதைத் தங்கள் உரிமையாகக் கேட்டுக்கொண்டார்கள். 'தேங்க்யூ' என்ற இரவல் சொல்லுக்கு இதனால் ஒரு நியாயம் பிறக்கிறது. அது மேலிருந்து கீழும் செல்லக்கூடியது. பேருந்து நடத்துநருக்கும் அங்கன்வாடியில் பிள்ளையின் கையைக் கழுவிவிடும் அக்காவிற்கும் சொல்லலாம். பழைய வழக்கில் இவர்களுக்குச் சொல்ல நம்மிடம் சொல்லே இருக்கவில்லை.

எனவே இந்தப் புத்தகங்களைப் பூட்டி வைக்கச் சொல்வது என் வாதமன்று. வாசிக்கும் விதத்தைப் பற்றியே பேசுகிறேன். படத்தைக் காட்டிவிட்டு 'அம்மாவுக்கு நன்றி சொல்லு' என்று முடிக்கும்போது குழந்தை கற்பது நன்றியறிதலை அன்று, ஒரு பதிலுரை வாய்பாட்டை. போதாக்குறைக்கு, அந்த வாய்பாடு தெரியாத பாட்டியைத் திருத்தவும் கற்றுக்கொள்கிறது. எல்லையோரக் குழந்தைக்கு இது கூடுதல் சுமை. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தமிழ், பள்ளி மொழி ஆகாமல் பாட்டிகளின் மொழியாகவே தொடர்கிறது. அந்தப் பாட்டி மரியாதை தெரியாதவர் என்று நான்கு வயதில் ஒரு குழந்தைக்குத் தோன்றிவிட்டால், ஏழு வயதில் அவருடைய மொழியை அவள் எதற்குப் பேச வேண்டும்?

பாட்டியின் கேள்வியையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். மீதி ஏழு நாள்களும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பக்கத்திற்குப் பக்கம் 'இத செஞ்சது ஆரு?' என்றே வாசித்தோம். போர்வையை நெய்தது, இலையைக் கூட்டியது, தட்டைக் கழுவியது. ஆளைக் காணாத இடங்களில் குழந்தை ஓரத்தில் ஆளை வரைந்தாள். அனுப்பிய பெரியப்பா மன்னிக்க வேண்டும்.

எங்கள் தரப்பு நன்றியை எழுத முனையும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒன்று. ஆங்கிலக் குழந்தை நன்றி சொல்லும் இடத்தில் எங்கள் ஊர்க் குழந்தை பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்கும்: 'நீங்க தின்னாச்சா?' அந்தக் கேள்வியைப் பக்கத்தில் வையுங்கள். 'நன்றி பாட்டி' என்ற ஒட்டுச்சீட்டு வேண்டாம்.

தூலிகா பதிப்பகத்தின் இருமொழி நூல்கள் ஆங்கிலத்தோடு ஓர் இந்திய மொழியை இணைப்பவை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக, திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டை அச்சிட்டு, பக்கத்திற்குப் பக்கம் இரு மொழிகளும் எதிரெதிரே வருமாறு கோத்து அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் நிற்கும் படப்புத்தகம் எவரிடமேனும் இருந்தால் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தை வரைய விரும்பும் ஓவியர் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். கதை என்னிடம் இருக்கிறது, பூசணிக்காயை மூன்று முறை ஏலம் எடுத்த ஆளும் இருக்கிறார்.