பழைய தொட்டியில் புதுக் கடல்

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கடல்மீன் தொட்டியை அபார்ட்மெண்டுக்குக் கொண்டு வருகிறார்கள். மலிவு கண்ணாடிக்கு மட்டும்தான்!

முதலில் எடை. 200 லிட்டர் தொட்டியில் தண்ணீரே 200 கிலோவுக்கு மேல் வரும். கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் தனி. ஹாலின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதே நல்லது.

அடுத்து, தொட்டியின் பூர்வீகம். முன்பு மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால், அது பழைய மணலிலும் கல்லிலும் தங்கி, பிறகு விடும் இறாலையும் நத்தையையும் கொல்லும். விலை பேசும் முன் விற்பவரிடம் இதைக் கேட்க வேண்டும். தொட்டியோடு பவளமும் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கடலில் திட்டுகளைக் கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன.

கடைசியாக, பொறுமை. லிட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கலவை போட்டதும் அது கடலாகிவிடாது. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டால், அவசரம் மனிதருடையது, உயிர் மீனுடையது. கடைக்கு வரும் கடல்மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்கள், பீச்சுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். செலவும் கம்மி!