பீரோவில் ஒரு ரிவால்வர்

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவர் லைசென்ஸுடன் வைத்திருந்த பழைய ரிவால்வர் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. கல்லூரியில் படிக்கும் பேரன் வரும்போதெல்லாம் அதை எடுத்து, சுவரைப் பார்த்து, 'கிளிக், கிளிக்' என்று விசையை இழுக்கிறானாம். "குண்டு இல்லாமல் சுட்டால் துப்பாக்கி கெட்டுப் போகுமா? தாத்தாவின் ஞாபகார்த்தமாயிற்றே!" என்பது அந்த அம்மாளின் கவலை.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். கெட்டும் போகலாம், கெடாமலும் இருக்கலாம். அது துப்பாக்கியின் ரகத்தைப் பொறுத்தது.

விசையை இழுத்ததும் ஒரு சிறு ஊசி பாய்ந்து, தோட்டாவின் அடிப்பாகத்தைக் குத்துகிறது. தோட்டா இருந்தால் அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். தோட்டாவின் நடுவில் குத்தும் தற்காலத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வெறுமனே சுடுவதையும் தாங்கும். தோட்டாவின் விளிம்பில் குத்தும் .22 ரகம் அப்படியல்ல. தோட்டா இல்லாதபோது ஊசி குழலின் விளிம்பிலேயே மோதலாம். நாளடைவில் ஊசி மழுங்கும். விளிம்பில் பள்ளம் விழும். வெப்லி போன்ற பழைய ரிவால்வர்களில் சுத்தியலின் மூக்கே ஊசி. வயதான இரும்பு, அது உடைந்தால் மாற்று உறுப்புக்கு எங்கே அலைவது? இதற்காகவே ஸ்பிரிங் வைத்த போலித் தோட்டாக்கள் உண்டு.

பந்தயத்தில் சுடுகிறவர்கள் குண்டில்லாமல் பழகுவதும் நிஜந்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்ற மனு பாக்கர் ஆகியோரின் விளையாட்டில் அது பாடகிகளின் காலைச் சாதகம் மாதிரி. அவர்கள் பிடிக்கும் ஏர் துப்பாக்கிகளில் அதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. பீரோவிலிருந்து எடுத்த ரிவால்வர் வேறு விஷயம்.

அம்மணி, துப்பாக்கியின் க்ஷேமத்தை விசாரித்தீர்கள். பேரனின் க்ஷேமத்தை விசாரிக்கவில்லையே! 'காலி' என்று நம்பிய துப்பாக்கியால் உலகெங்கும் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. பிஸ்டலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டாலும், குழலுக்குள் ஒன்று தங்கியிருக்கக்கூடும். ரிவால்வரிலோ உருளையைத் திறந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தாலொழிய நிச்சயமில்லை. சுவரும் ஒரு பாதுகாப்பல்ல. அடுத்த அறையில் யாரோ இருப்பார்களே! 1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். மீது பாய்ந்தது ஒரே ஒரு குண்டுதான். அதன் பிறகு அவர் குரலே மாறிப்போனதைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது.

இன்னொரு சங்கதி. கணவருக்குக் கொடுத்த லைசென்ஸ் உங்களுக்கோ பேரனுக்கோ செல்லாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, இப்படிப்பட்ட ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு லைசென்ஸ் கிடைத்தால் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் குறித்த கெடுவுக்குள் முறைப்படி விற்கலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். எட்டு மாதம் ஆகிவிட்டதால் ஒரு வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது. கைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிடாதீர்கள். முதலில் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். கொடுத்ததும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பீரோ பூட்டியிருக்கட்டும். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

பேரனுக்கு உண்மையிலேயே சுடுவதில் ஆசை இருந்தால், எழும்பூரில் ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். தாத்தாவின் ஞாபகார்த்தமாக அவருடைய கைக்கடிகாரத்தைக் கொடுங்கள். அதுவும் 'டிக், டிக்' என்றுதான் சொல்லும்; கேட்பவர்களுக்குத் திகில் இராது!