தூதின்மேல் பழி எதற்கு?

தமிழ்நாட்டில் வாழும் ஒருவன் தன் கைப்பேசிக்கு ஒரு நாளில் வந்து சேரும் அறிவிப்புகளை எண்ணிப் பார்ப்பானாயின், தமிழ் எங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றது என்பது அவனுக்கு விளங்கும். வைப்பகத்தில் பணம் எடுத்த செய்தி, மருத்துவமனை முன்பதிவு, எரிவளி உருளை வந்துசேரும் நேரம், பள்ளி விடுமுறை ஆகிய இவற்றுள் பெரும்பாலன ஆங்கிலத்திலேயே வருகின்றன. படிக்கத் தெரியாத தாய் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிச் செல்கின்றாள். தமிழில் ஏன் விடுக்கவில்லை என்று விடுத்தவரைக் கேட்டால், "கணினி இடந்தரவில்லை; நிரலில் தமிழ் செல்லாது" என்னும் விடை அணியமாக இருக்கின்றது. கேட்டவரும் தலையசைத்துப் போய்விடுகின்றார். அவ்விடை மெய்தானா என்று ஆராய்ந்தார் சிலரே.

ஓர் அறிவிப்பு எவ்வாறு புறப்படுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். விடுக்கும் அலுவலகத்தின் கணினி கைப்பேசியோடு நேரே பேசுவதில்லை. இடையில் ஒரு தூதுப்பணி உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு 2009-இல் இப்பணியைத் தொடங்கியது. ஆண்டிராய்டுக் கைப்பேசிகளுக்குக் கூகுள் நிறுவனம் 2010-இல் தொடங்கிய பணி, பெயரும் உருவும் மாறி, இன்று பயர்பேசு என்னும் பெயரால் நடக்கின்றது. அத்தூதுப்பணிக்கு இணையத்தில் ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. நிரலர் ஏ.பி.ஐ. என வழங்கும் அவ்வாயிலை இணைய இடைமுகம் என்பது தகும். எந்தக் கைப்பேசிக்கு, என்ன தலைப்பு, என்ன செய்தி, விடுப்பவர் யார் என்பதற்குச் சான்று யாது என இத்தனையும் வகுத்த வடிவில் அங்கே ஒப்படைக்க வேண்டும். அச்சான்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே செல்லும். பின் புதிது பெறல் வேண்டும்.

இவ்வளவையும் ஒவ்வொரு நிரலரும் தம் கையாலேயே எழுதிக்கொண்டிருக்க இயலாது. ஆகலின் கிளையண்டு லைப்ரரி எனப்படும் துணைநூலகத்தைப் பயன்படுத்துகின்றனர். நூலகம் என்றதும் அடுக்கிய ஏடுகள் நினைவுக்கு வரும். இஃது ஏடுகள் இல்லாத நூலகம். சான்றைப் புதுப்பித்தல், செய்தியை உரிய வடிவில் கட்டுதல், செயலியை நீக்கிவிட்ட கைப்பேசி எது என்னும் மறுமொழியை வாங்கித் தருதல் முதலிய பணிகளுக்கென முன்னரே எழுதி வைக்கப்பட்ட நிரற்றொகுதி அது. நிரலர் செய்தியையும் முகவரியையும் கொடுத்து 'விடுக்க' என்றால் எஞ்சியவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். இதன் அருமை ஒரு நிகழ்வால் விளங்கும். பழைய வாயிலை மூடப்போவதாகக் கூகுள் 2023-இல் அறிவித்து 2024-இல் மூடிற்று. வாயிற் பேச்சைத் தாமே எழுதி வைத்திருந்தவர்கள் அனைத்தையும் மாற்றி எழுத நேர்ந்தது. துணைநூலகம் கொண்டிருந்தவர்களுக்கோ புதிய பதிப்பை ஏற்றிச் சில வரிகளைத் திருத்துவதோடு பெரும்பாலும் வேலை முடிந்தது.

சரி, இத்தூது தமிழைச் சுமக்க மறுக்கின்றதா? இல்லை. ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு அதில் இடம் வகுக்கப்பட்டது. இணைய இடைமுகங்கள் ஏற்கும் குறியேற்றமும் அதுவே. சில துணைநூலகங்கள் தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகளாக மாற்றி விடுக்கும். பைத்தான் மொழியில் இஃது இயல்பான நடப்பு. விடுத்த பதிவேட்டில் அதைக் காணும் புதிய நிரலர், தமிழ் சிதைந்தது என்று அஞ்சி ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகின்றார். சிதைவொன்றும் இல்லை, கைப்பேசியை அடைந்ததும் தமிழாகவே விரியும்.

அளவு போதாது என்பது அடுத்த சாக்கு. கூகுள், ஆப்பிள் இரண்டும் ஓர் அறிவிப்புக்குப் பொதுவாக 4096 பைட்டு இடந்தருகின்றன. தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் எழுத்தால் மூன்று, ஒருங்குறியால் ஐந்து குறி, இடத்தால் 15 பைட்டு. அக்கணக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிகளை அவ்வறிவிப்பில் அடக்கலாம். அறிவிப்பென்ன, ஒரு மடலே எழுதலாம்.

குறுஞ்செய்தியின் நிலை வேறு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அதுவும் இன்று இணைய இடைமுகம் வழியாகவே பெரிதும் விடுக்கப்படுகின்றது. ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட்டே இடம். ஆங்கில எழுத்துகள் ஏழு துகள் அளவில் அடைவதால் 160 குறி கொள்ளும். தமிழ் கலந்தால் 70 குறியே. நீண்டு பல துண்டாகும்போது துண்டுக்கு ஆங்கிலம் 153, தமிழ் 67. ஆகலின் 150 குறியுள்ள செய்தி ஆங்கிலத்தில் ஒரு செய்தி. தமிழில் மூன்று செய்தி, மூன்று கட்டணம். இது மெய்யான தடை. ஆயின் ஆங்கிலச் செய்தியில் வளைந்த மேற்கோட்குறி ஒன்று நுழைந்தாலும் இதே நிலைதான் என்பதையும், கைப்பேசித் தரநூலில் தமிழுக்கென ஏழு துகள் அட்டவணை ஒன்று வகுக்கப்பட்டிருப்பதையும் சாக்குச் சொல்வோர் சொல்வதில்லை. அவ்வட்டவணையைத் தங்கள் நிறுவனம் கையாள்கின்றதா என்று செய்தி விடுக்கும் நிறுவனத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

அஃதிருக்க, ஆங்கில வரியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் நீளத்தான் செய்யும். தமிழாகவே எண்ணி எழுதினால்? "நாளை காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை." இடைவெளியும் புள்ளியும் உட்பட 37 குறி. ஊர்ப்பெயர் சேர்க்க இன்னும் 33 குறிக்கு இடமுண்டு. "அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்களது பகுதியில் பேணற்பணிகள் மேற்கொள்ளப்பட இருப்பதன் கரணியமாக" என்று தொடங்குபவர்க்கு எத்துணை இடம் தந்தாலும் போதாது.

கேடு உண்மையில் நேரும் இடங்கள் இரண்டு. இரண்டும் கணினியின் குற்றமல்ல.

ஒன்று, வெட்டுதல். செய்தி நீளும்போது நிரலர் குறிகளை எண்ணி ஓரிடத்தில் நறுக்கிவிடுகின்றார். ஆங்கிலத்தில் குறியும் எழுத்தும் ஒன்று. தமிழில் உயிர்மெய் ஓரெழுத்தாயினும் பெரும்பாலும் இரு குறி. 'தீ' என்பதன் நடுவே வெட்டு விழுந்தால் 'த' மட்டும் நிற்கும். 'கண்' புள்ளியிழந்து 'கண' ஆகும். பைட்டை எண்ணி வெட்டினால் இன்னும் கேடு. எழுத்திருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும். எழுத்தின் எல்லை கண்டு வெட்டும் கருவி இன்றைய நிரல்மொழிகள் பலவற்றுக்கும் கிடைக்கின்றது. அதனைக் கையாள ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவே.

மற்றொன்று, வேற்றுமையுருபை வெற்றிடத்தோடு ஒட்டுதல். அறிவிப்புப் படிவத்தில் பெயருக்கென ஒரு வெற்றிடம் விட்டு, அதன் பின்னே 'க்கு' என்றோ 'இல்' என்றோ எழுதிவிடுகின்றனர். கணினி புணர்ச்சி அறியாது. 'கண்ணன்க்கு' என்றும் 'சேலம்இல்' என்றும் விடுக்கின்றது. எழுதப் படிக்கத் தெரியாத தமிழனும் வாயால் சொல்லாத சொற்கள் இவை! கண்ணன் கண்ணனுக்கு ஆவான். வள்ளி வள்ளிக்கு ஆவாள். சேலம் அத்துச் சாரியை பெற்றுச் சேலத்தில் ஆகும். ஈரோடு ஒற்று இரட்டித்து ஈரோட்டில் ஆகும். மதுரை உடம்படுமெய் பெற்று மதுரையில் ஆகும். ஒரே ஒட்டு இவையனைத்துக்கும் எங்ஙனம் பொருந்தும்? வெற்றிடத்தை அடுத்து மாறாத சொல்லொன்றை நிறுத்தி உருபை அதன்மேல் ஏற்றுவதே வழி. 'கண்ணன் அவர்களுக்கு', 'சேலம் நிலையத்தில்' என்றால் எப்பெயர் வரினும் பிழை நேராது. எண்ணிக்கையிலும் இப்படியே. 'புதிய மடல்: 5' என்றால் ஒருமை பன்மைத் தொல்லையே எழாது, அஃறிணைப் பன்மைக்குக் 'கள்' கட்டாயமன்று என்பது தொல்காப்பியர் நாளிலேயே தெளிந்த இலக்கணம்.

இப்பிழைகளை முன்கூட்டியே களைய வேண்டியதற்கு ஒரு கரணியம் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் இயற்றிய நெறிமுறையின்படி, வணிகக் குறுஞ்செய்தி விடுப்போர் படிவத்தை முன்னரே பதிவு செய்தல் வேண்டும். அதனொடு பொருந்தாத செய்தி தடுக்கப்படும். 'சேலம்இல்' என்று ஒருமுறை பதிவானால் நூறாயிரம் பேருக்கும் 'சேலம்இல்' என்றே போகும்.

செயலி அறிவிப்புக்கோ இதனினும் நல்ல ஏந்து ஒன்று உள்ளது. செய்தியின் சொற்களை விடுக்காமல் அதற்குரிய குறிச்சொல்லை மட்டும் விடுக்கலாம். கைப்பேசியின் உரிமையாளர் தேர்ந்த மொழியில் அங்கேயே அது விரியும். கூகுள், ஆப்பிள் இரண்டின் தூதுப்பணிகளும் இதற்கு இடந்தருகின்றன. துணைநூலகத்திலும் இதற்கெனத் தனி இடம் உண்டு. வெற்றிடங்களுக்கு எண் இட்டால், ஆங்கிலத்தில் முன்னிற்கும் பெயரைத் தமிழில் பின்னிறுத்தி, வினையை வரியின் இறுதியில் வைக்கவும் தடையில்லை. ஒன்றே வேண்டும், செயலிக்குள் தமிழ்ச் சொற்றொடர்க் கோப்பு இருத்தல் வேண்டும். அக்கோப்பு இல்லையாயின், கைப்பேசியைத் தமிழில் அமைத்து வைத்திருப்பவனுக்கும் இயல்பாக வைத்த மொழியே, அஃதாவது பெரும்பாலும் ஆங்கிலமே, தோன்றும். தமிழில் அமைத்துக்கொண்டும் ஆங்கிலமே வருகின்றதே என்று நொந்துகொள்வோர் தேட வேண்டிய இடம் இது.

அக்கோப்பை எழுத நிரலறிவு வேண்டுவதில்லை. சிறு செயலியொன்றில் இருப்பவை சில பத்துச் சொற்றொடர்கள். தமிழாசிரியர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடிப்பார். தம் ஊர்ப் பள்ளிக்கோ கூட்டுறவுக் கடைக்கோ செயலி செய்து தரும் இளைஞரிடம் சென்று, அறிவிப்புச் சொற்றொடர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, வெற்றிடம் எங்கெங்கே நிற்கின்றது என்று பார்த்து, உருபு பிழையாது எழுதிக் கொடுத்து, கொடுத்தபடியே கைப்பேசியில் தோன்றுகின்றதா என்று ஒருமுறை விடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வரலாம்.