முகத்தின் தழும்பை அழிக்கலாமா?

புகைப்படப் போட்டிக்கு முகப்படம் அனுப்பும்போது அதைக் கணினியில் எவ்வளவு தூரம் திருத்தலாம்? படம் எடுப்பவரைப் போலவே, கமராவின் முன் அமரும் பெண்ணும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

திருத்துவது புதிய பழக்கம் அல்ல. கணினி வருவதற்கு முன்பே ஸ்ரூடியோக்களில் நெகட்டிவ்வின் மேல் கூரிய பென்சிலால் தீட்டிச் சுருக்கங்களையும் பருக்களையும் மறைத்தார்கள். கல்யாணப் பேச்சுக்குக் கொடுக்கும் படத்தில் கறுத்தப் பெண் வெள்ளையாகி வருவதும் நாம் அறிந்ததே. ஆனால் போட்டிக்குப் போகும் படம் பலர் முன்னே சாட்சியாக நிற்கிறது.

போட்டிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. கலைப்படப் பிரிவுகள் சிலவற்றில் தாராளமாகத் திருத்த விடுவார்கள். செய்திப்படப் போட்டிகளில் கட்டுப்பாடு அதிகம். நெதர்லாந்தில் 1955இல் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் ஒளியையும் நிறத்தையும் அளவோடு சரிசெய்யலாம், ஓரங்களை வெட்டலாம். படத்தில் இருப்பதை அகற்றவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. உடலில் உள்ள அடையாளங்களை நீக்குவதும் தவறு. கமராவில் பதிந்த மூலப்படத்தையும் கேட்டு ஒப்பிடுகிறார்கள். 2015ஆம் ஆண்டு இறுதிக்கு முந்திய சுற்றுக்கு வந்த படங்களில் 20 வீதமானவை இதனால் தள்ளப்பட்டன.

இந்தப் போட்டியில் 2010ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தெரிவானது ஓர் ஆப்கானியப் பெண்ணின் முகம். பெயர் பீபி ஆயிஷா. கொடுமை தாங்காமல் புகுந்த வீட்டை விட்டு ஓடியதற்காகக் கணவன் அவருடைய மூக்கையும் காதுகளையும் அறுத்தான். தென்னாபிரிக்கப் பெண் படப்பிடிப்பாளர் ஜோடி பீபர் அவரைப் படம் எடுத்தார். முக்காடு, கருங்கூந்தல், நேரே பார்க்கும் கண்கள், நடுவில் அந்தக் காயம். அதை மென்மையாக்கியிருந்தால் படம் அழகாக இருந்திருக்கலாம். அவருக்கு நடந்த அநியாயம் மறைந்து போயிருக்கும்.

எங்கள் மத்தியிலும் ஷெல் துண்டு கீறிய முகங்கள் உண்டு, தீக்காயம் பட்ட கைகள் உண்டு. ஒளி குறைந்தால் கூட்டலாம், படத்தில் படிந்த தூசியை நீக்கலாம். ஒரு கிழமையில் மாறும் பருவை, விதி அனுமதித்தால், அவர் விரும்பினால் நீக்கலாம். தழும்பு, நரை, சுருக்கம், தோலின் நிறம் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். அவை அவர் வாழ்ந்த வாழ்வு.

தழும்பு தெரிவதை அவர் விரும்பாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. முகத்தைச் சற்றுத் திருப்பி அமரச் சொல்லலாம், வெளிச்சத்தை மாற்றலாம். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் அந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பாமல் விடுவதே மரியாதை. தழும்பை அழிப்பது பொய். சம்மதமின்றிக் காட்டுவதோ அதைவிடப் பெரிய தீங்கு.

சகோதரிகளே, யாராவது உங்களைப் படம் எடுக்க வந்தால் மூன்று விடயம் கேளுங்கள். படம் எங்கே போகும்? எதை மாற்றுவீர்கள்? அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்காதீர்கள்.