உறைகுளிரில் வைத்துவிட்டால் போதுமா?

உருளைக்கிழங்கின் காட்டு உறவினங்களுக்காக மலைச்சரிவுகளைக் காக்க வேண்டியதில்லை, விதைகளைச் சேகரித்து மரபணு வங்கியில் உறைகுளிரில் வைத்தாலே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரு நாட்டின் லிமாவில் 1971 முதல் இயங்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைக் காட்டி, "எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறதே" என்பார்கள்.

எல்லாம் இல்லை. 73 காட்டு இனங்களை அலசிய 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றில் 32 இனங்களின் சேகரிப்பில் பெரும் குறை இருப்பதைக் கண்டது.

"கசப்பும் நஞ்சுமான களைச்செடியால் என்ன பயன்?" என்பது அடுத்த வாதம். இதற்கான பதில் நீலகிரியிலேயே இருக்கிறது. 1961-இல் உதகைப் பகுதியில் உருளைக்கிழங்கு நூற்புழு கண்டறியப்பட்டது. தாக்குண்ட செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகைவிடச் சிறிய பொன்னிற மணிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான முட்டைகள் அடங்கிய கூடு. பயிரே இல்லாவிட்டாலும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்தப் புழுவை எதிர்த்து நிற்க வந்தது குஃப்ரி ஸ்வர்ணா ரகம். அதற்கு எதிர்ப்புத்திறனைக் கொடுத்தது சொலானம் வெர்னேய் என்ற, அர்ஜென்டினா மலைகளின் காட்டுச்செடி.

வேண்டிய மரபணுவை எடுத்துக்கொண்ட பிறகு காட்டில் செடி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இருப்பதிலேயே வலுவான கேள்வி இதுதான். 1845-இல் அயர்லாந்தில் தொடங்கி ஏறத்தாழ 10 லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சத்துக்குக் காரணம் பின்கருகல் நோய். அதைத் தடுக்க, மெக்சிகோவின் சொலானம் டெமிசம் என்ற காட்டினத்தில் 11 எதிர்ப்பு மரபணுக்களை அடையாளம் கண்டு, சிலவற்றைப் பயிர் ரகங்களில் ஏற்றினார்கள். கிருமி உருமாறி அவற்றில் பெரும்பாலானவற்றை முறியடித்துவிட்டது. மெக்சிகோவின் டொலூகா பள்ளத்தாக்கில் அக்கிருமியின் இரு இணைவகைகளும் கலந்து புதுப்புது வடிவெடுக்கின்றன. அதே மண்ணில் வளரும் காட்டுச்செடிகள் தலைமுறைதோறும் அவற்றோடு மல்லுக்கட்டி மாறி வருகின்றன. உறைகுளிரில் இருக்கும் விதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சேகரித்த நாளில் இருந்தபடியே இருக்கும்.

வங்கிகள் வேண்டும், சந்தேகமில்லை. காட்டினங்களின் நோயெதிர்ப்போடு 2021-இல் பெருவில் வெளியான சிஐபி-மட்டில்டே ரகம் வங்கிகளின் அருமைக்குச் சான்று. ஆனால் சாலையோ மேய்ச்சலோ ஒரு சரிவை அழித்துவிட்டால், சேகரிக்காமல் விட்ட இனத்தைத் தேட வேறு இடமில்லை. வங்கிகளுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகளும் அமைப்புகளும், அந்தச் சரிவுகளுக்கும் அங்கு வாழும் மக்களுக்கும் இப்போதே ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.