காற்றுக்கு ஓட்டு இல்லை

"மாநிலமே அந்தப் பக்கம் சாஞ்சாச்சு, இங்க யாரு நின்னா என்ன?" தேர்தல் நெருங்கினால் மாட்டுங்கா ஓட்டல்களிலும் தாராவி டீக்கடைகளிலும் மும்பைத் தமிழர்கள் சொல்லிக்கொள்கிற பேச்சு இது. வேட்பாளரை யாரும் பார்ப்பதில்லை, அலை அடித்தால் யாரை நிறுத்தினாலும் ஜெயிப்பார் என்பது ஊரிலிருந்து நாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்த நம்பிக்கை. அது பொய் என்பதற்கு நம் கண்ணெதிரே தாதர் இருக்கிறது.

தாதர் ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே சிவாஜி பார்க், சேனா பவன் எல்லாம் மாகிம் சட்டமன்றத் தொகுதி. கிழக்கே இந்து காலனியும் நாய்காவும் வடாலா தொகுதி. 2024 நவம்பர் 20 அன்று இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டார்கள். மாநிலத்தில் பாஜக, இரண்டாக உடைந்த சிவசேனாவின் ஷிண்டே பிரிவான ஷிண்டே சேனா, அஜித் பவார் கட்சி மூன்றும் சேர்ந்து 288-ல் 230 இடங்களை அள்ளின. எதிரணியின் மூன்று பெரிய கட்சிகளுக்கும் சேர்த்து 46. இதைவிடப் பெரிய காற்று எங்கே வீசப்போகிறது? கிழக்கே பாஜகவின் காளிதாஸ் கோளம்ப்கர் ஏறக்குறைய 25 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். மேற்கே எதிரணியில் இருந்த உத்தவ் சேனாவின் மகேஷ் சாவந்த் 1,316 ஓட்டில் ஜெயித்தார். அவரிடம் தோற்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஒருவர் ஷிண்டே சேனாவின் எம்.எல்.ஏ. சதா சர்வன்கர், இன்னொருவர் நவநிர்மாண் சேனா தலைவர் ராஜ் தாக்கரேயின் மகன் அமித் தாக்கரே.

அதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்த மக்களவைத் தேர்தல் இன்னும் வேடிக்கை. அப்போது மாநிலம் எதிரணிப் பக்கம் என்றார்கள். 48-ல் 30 இடம் எதிரணிக்குக் கிடைத்தது. மும்பை தென்மத்தியில் உத்தவ் சேனாவின் அனில் தேசாய் அரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அந்தத் தொகுதிக்குள் இருக்கும் மாகிமில் மட்டும் பார்த்தால் ஷிண்டே சேனாவின் ராகுல் ஷெவாலேதான் முன்னிலை. ஆக, இரண்டு தடவையும் மாகிம் மாநிலத்துக்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது.

அந்த மக்களவைத் தேர்தல் "அலை"யையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஓட்டுக் கணக்கில் இரண்டு அணிகளும் ஏறக்குறைய 43, 44 சதவீதம்தான். மாநிலம் ஒரு பக்கமும் சாயவில்லை. இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நாமே அதற்கு அலை என்று பெயர் வைத்தோம்.

காற்றே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பெண்களின் கணக்கில் மாதம் 1,500 ரூபாய் போட்ட லாட்கி பஹீண் திட்டம் மகாராஷ்டிரம் முழுக்கப் பேசப்பட்டது. 230 பேரும் தங்கள் சொந்த பலத்தில் வந்தவர்கள் இல்லை. ஆனால் காற்று கொடுப்பது ஒரு உந்துதல் மட்டுமே. மிச்சத்தைத் தெருவில் சம்பாதிக்க வேண்டும். கோளம்ப்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவசேனா, காங்கிரஸ், பாஜக என்று மூன்று கட்சிகளில் நின்று ஜெயித்தவர். 2014-ல் மோடி அலை உச்சத்தில் இருந்தபோது காங்கிரஸ்காரராக நின்று வடாலாவில் வென்றார். அவர் கட்சி மாறியது எனக்கு உவப்பில்லை. ஆனால் அவரை ஜெயிக்க வைத்தது காற்று என்று யாரால் சொல்ல முடியும்? தாராவியும் அப்படித்தான்: 2024 நவம்பரில் காங்கிரஸ் மாநிலத்தில் 16 இடத்துக்குச் சுருங்கியபோதும் ஜோதி கெய்க்வாட் அங்கே 23 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வந்தார்.

வாக்குப்பதிவு நாளில் சாவடிக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்களைப் பாருங்கள். கையில் வாக்காளர் பட்டியல். ஓட்டுப் போட்டவர் பெயரில் கோடு விழும். மூன்று மணிக்கு மேல் கோடு விழாத பெயர்களைப் பொறுக்கி எடுத்து, சாள் எனப்படும் வரிசை வீடுகளுக்கு ஒரு பையனை அனுப்புவார்கள். அவன் படியேறிப் போய், "மாவ்ஷி, இன்னும் கிளம்பலையா?" என்று கதவைத் தட்டுவான். மாகிமில் வாக்காளர்கள் சுமார் இரண்டேகால் லட்சம். சாவடிக்கு ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டாலும் 1,316 என்பது சாவடிக்கு ஆறு ஓட்டுக்குள்தான். அந்தப் பையன் கூடுதலாகத் தட்டிய நாலைந்து கதவு.

2024 நவம்பரில் அதே தொகுதியில் ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் ஓட்டுப் போட வரவே இல்லை. 'எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது' என்ற பேச்சால் யாருக்கு லாபம்? மழைக்காலத்தில் தண்டவாளத்துக்குக் கிழக்கே ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீர் நிற்பதையும், இடிந்து விழக் காத்திருக்கும் பழைய கட்டடங்களையும் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைக்கிற வேட்பாளருக்குத்தான் லாபம். காற்று ஜெயிக்க வைக்கும் என்று நாம் நம்பினால், அவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை.

அடுத்த தேர்தலில் மாநிலம் எந்தப் பக்கம் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருக்கட்டும். உங்கள் தொகுதியில் நிற்பவர் யார், போன ஐந்து வருடம் எங்கே இருந்தார் என்று விசாரியுங்கள். அவருடைய பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும், எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டு, மூன்று மணிக்குப் பையன் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராமல் காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிடுங்கள்.