கையைக் கட்டுவதும் பையைச் சுருக்குவதும்

அரசு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுக்குக் குடிமகனின் சுதந்திரம் பெருகும் என்ற கருத்தை இன்று மறுப்பவர்கள் குறைவு. படித்த நடுத்தர வர்க்கத்துக்கு இது ஏறக்குறைய வேதவாக்கு. ஒரு கையெழுத்துக்காக அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்கள் எல்லோரும் இதற்குத் தலையாட்டுவார்கள். ஆனால் நடக்கவைக்கும் அரசின் மேல் வரும் எரிச்சல் வேறு; அரசே சுருங்கிவிட்டால் மனிதன் விடுதலையாகிவிடுவான் என்ற முடிவு வேறு. எரிச்சல் நியாயமானது, முடிவு தவறானது. அதை ஓர் ஊரே சோதித்துக் காட்டியிருக்கிறது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள குரோய்டனில் சுமார் 800 பேர் வசிக்கிறார்கள். அந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, விற்பனை வரியும் இல்லை. 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்பது மாநிலத்தின் முழக்கம். 2001இல் ஜேசன் சோரன்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர் ஒரு யோசனை சொன்னார்: சிறிய அரசை விரும்புபவர்கள் 20,000 பேர் ஒரே மாநிலத்தில் குடியேறினால் அதன் அரசியலை மாற்றிவிடலாம். அந்த யோசனையை ஏற்றுத் திரண்டவர்கள் 2003இல் தேர்ந்தெடுத்த மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். அந்த இயக்கத்தின் வழியே குரோய்டனுக்கு வந்தவர் இயன் அண்டர்வுட். ஊரை நிர்வகிக்கும் மூவர் குழுவில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2022 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பனி கொட்டும் நாளில், ஆண்டு ஊர்க்கூட்டம் நடந்தது. பள்ளிக்கான பட்ஜெட் 17 லட்சம் டாலர். அதை 8 லட்சமாகக் குறைக்க வேண்டும் என்று அண்டர்வுட் திருத்தம் கொண்டுவந்தார். பள்ளிக்காகக் கேட்கப்படும் பணத்தை அவர் கடத்தல்காரர் கேட்கும் பணயத்தொகையோடு ஒப்பிட்டார். திருத்தம் 20க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள ஊரில், 20 பேர் சேர்ந்து பள்ளிப் பணத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார்கள்.

இதில் யாருக்கு என்ன சுதந்திரம் கிடைத்தது? ஊரில் சுமார் 80 மாணவர்கள். புதிய கணக்குப்படி தலைக்கு 10,000 டாலர். ஊர்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் போகிறார்கள், கட்டணத்தை ஊர் கட்டுகிறது. 10,000க்கு மேல் ஆவதைப் பெற்றோர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்றாயிற்று. முடியாவிட்டால், ஒரு வழிகாட்டியும் கணினியுமாக நடக்கும் மலிவான 'குறும்பள்ளி' இருந்தது. பணமுள்ள பெற்றோருக்கு நேற்றிருந்த தெரிவு இன்றும் இருந்தது. பணமில்லாதவருக்கு இருந்த தெரிவும் போயிற்று. செலவு ஒழியவில்லை, அதைச் சுமக்கும் தலை மாறியது.

இதே ஊரில் அதற்கு ஈராண்டு முன்பு இன்னொரு சிக்கனம் அரங்கேறியிருந்தது. 2020 பிப்ரவரியில் நிர்வாகக் குழு காவல் துறையையே கலைத்தது. துறை என்றால் ஒரே ஒருவர்தான், தலைவரும் அவரே. சீருடையை ஒப்படைக்கச் சொன்னதும் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளாடையோடு பனியில் நடந்து போனார். உலகம் சிரித்தது. கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது: ஊரின் பாதுகாப்பு மாநிலக் காவல் துறையின் பொறுப்பாயிற்று. பக்கத்தில் இருந்த சிறிய அரசு விலகிக்கொள்ள, தூரத்துப் பெரிய அரசு அந்த இடத்துக்கு வந்தது.

பள்ளி விவகாரத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. முடிவை மாற்றச் சட்டப்படி பாதி வாக்காளர்களாவது திரள வேண்டும். குறைந்தது 283 பேர். அரசியலில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். மே மாதச் சிறப்புக் கூட்டத்துக்கு 379 பேர் வந்தார்கள். 17 லட்சத்தை மீட்க ஆதரவு 377, எதிர்ப்பு 2.

"அதுவும் பெரும்பான்மையின் கெடுபிடிதானே? பிள்ளையில்லாத முதியவர் ஊரான் பிள்ளைக்கு ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்பார்கள். முதியவரின் வலி உண்மையானது. சொத்து வரி வீட்டின் மதிப்பைத்தான் பார்க்கிறது, வீட்டுக்காரரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் மருந்து எங்கே இருக்கிறது? கல்விக்குப் பணம் தருவது மாநிலத்தின் கடமை, ஊருக்கு ஊர் விகிதம் மாறும் சொத்து வரியின் தலையில் அதைக் கட்டக் கூடாது என்று 1997இல் நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த கிளேர்மான்ட், குரோய்டன் இருக்கும் அதே மாவட்டத்து ஊர். ஆக, முதியவரின் சுமை குறைய வேண்டுமானால் மாநில அரசு அதிகம் சுமக்க வேண்டும். சிறிய அரசு வேண்டும் என்பவர்கள் முதியவரைக் காட்டி வாதாடுவார்கள், இந்த மருந்தை மட்டும் தொடமாட்டார்கள்.

அடுத்த வாதம்: "உள்ளூர் அரசு மக்களுக்கு நெருக்கமானது, தூரத்து அரசுதான் ஆபத்து." வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுன்ட்டியைப் பாருங்கள். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற தீர்ப்பை ஏற்க மனமில்லாத உள்ளூர்ப் பிரதிநிதிகள், 1959இல் பொதுப் பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்க மறுத்தார்கள். பள்ளிகள் ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது, அதில் சேர மானியமும் கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் நின்றார்கள். 1964இல் பூட்டைத் திறக்க வைத்தது வாஷிங்டனில் இருந்த உச்ச நீதிமன்றம். குரோய்டன்காரர்கள் மேல் இந்த இனவெறியைச் சுமத்துவது அநியாயம், நோக்கம் வேறு. ஆனால் பொதுப்பையைச் சுருக்கும்போது யார் தெருவுக்கு வருகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் அரசுக்கு வரம்பே வேண்டாமா? நிச்சயம் வேண்டும். அதே நியூ ஹாம்ப்ஷயரில் வண்டியின் எண் பலகையில் அந்தச் சுதந்திர முழக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று ஒருவர் அதை மறைத்தார். அரசு அபராதம் விதித்தது; கட்ட மறுத்தவரைப் பதினைந்து நாள் சிறையில் வைத்தது. 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நம் நாட்டில் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பர்மிட் என்ற ஆட்சியைச் சாடியதும் இந்த வகைதான். ஒருவனின் வாயையும் வழிபாட்டையும் தொழிலையும் நெரிக்கும் கையைக் கட்டத்தான் வேண்டும்.

மோசடி நடப்பது இங்கேதான். கையைக் கட்டுவதற்காகச் சேர்த்த நியாயங்களை எல்லாம் பையைச் சுருக்குவதற்குச் செலவழிக்கிறார்கள். குரோய்டனின் திருத்தம் எந்த அதிகாரியின் எந்த அதிகாரத்தைக் குறைத்தது? எதையும் இல்லை. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் கட்டாயம் குறைந்ததா? அதுவும் இல்லை. குறைந்ததெல்லாம் ஒரு சிறுமி படிக்கப் போகும் பள்ளியின் பணம் மட்டும்.

அரசைச் சுருக்குவேன் என்று வாக்குக் கேட்டு வரும் எந்த வேட்பாளரிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அரசின் எந்த அதிகாரம் குறையும்? எந்தச் செலவு யார் தலைக்கு மாறும்? முதல் கேள்விக்கு விழித்துவிட்டு இரண்டாவதற்கு மட்டும் அவரிடம் திட்டம் இருந்தால், அவர் தருவது சுதந்திரம் ஆகாது. ரசீதில் வேறொருவர் பெயரை எழுதுகிறார், அவ்வளவே.